ஐந்தாவது தெருவிலிருந்து

எங்கள் ஊரில் தெருக்கள் ஐந்தில் தொடங்கும்.
புதிதாக வரும் கூரியர் பையன்
வண்டியை அணைக்காமலே கேட்பான்:
ஒண்ணு எங்கக்கா, ரெண்டு எங்க?
கையை நீட்டுவோம்.
கை நீண்ட திசையில்
ஒரு ஃபைபர் படகு ஆடும்,
இல்லையென்றால் அதுவும் இருக்காது.

எல்லையாத்தா குப்பம்.
எண்ணூர் ரோட்டில்
கன்டெய்னர் லாரிகள் உரசி உரசி
போர்டில் முதல் எழுத்து போய்விட்டது.
மிச்சத்தைப் படிக்கும் டிரைவர்கள்
இல்லையாத்தா குப்பம் என்கிறார்கள்.
பெயின்ட் அடிக்க மனு கொடுத்திருக்கிறோம்.
மனுவின் நகல் என்னிடம் உண்டு.

நான் ஜெராக்ஸ் கடைக்காரி.
பக்கம் இரண்டு ரூபாய்.
இந்த ஊர்ச் சரித்திரம்
என் கண்ணாடியின்மேல் குப்புறப் படுத்து
ஒரு பச்சை வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு
எழுந்து போகிறது.

போன ஆடியில் பட்டாவுக்கு எழுதிக்கொடுத்தோம்.
எத்தனை வருஷமா இருக்கீங்க, அத்தாட்சி என்ன,
என்றது தாலுக்கா ஆபீஸ்.
அன்று ராத்திரி ஊர் மொத்தமும்
டிரங்குப் பெட்டி திறக்கிற சத்தம்.

எட்டியப்பன் கொண்டுவந்த ரேஷன் கார்டில்
மண்ணெண்ணெய் வாடை இன்னும் போகவில்லை.
தேசம்மா, தம்பியின் இறப்புச் சான்றிதழைக்
கையிலிருந்து விடாமலே காட்டினாள்.
இறந்த இடம் என்ற கட்டத்தில்
யாரோ 'கடல்' என்று எழுதி, அடித்து,
மேலே ஊர்ப் பெயரை நெருக்கி எழுதியிருந்தார்கள்.
அடிச்சதும் விழணும், என்றாள்.
கறுப்பைக் கூட்டி வைத்தேன். விழுந்தது.

வக்கீல் எங்கிருந்தோ ஒரு தாள் பிடித்து வந்தார்.
வெள்ளைக்கார சர்வேயர் ஒருவன்
குதிரையைவிட்டு இறங்காமல் எழுதியதாம்.
எங்களைப் பற்றி மொத்தம் ஒன்றரை வரி:
குடிசை இருபத்தாறு. கிணறு ஒன்று, உப்பு.
நாய்கள் அதிகம்.
கடைவாசலில் நின்ற எல்லோரும் சிரித்தோம்.
படியில் படுத்திருந்த செவலை
காதை மட்டும் திருப்பியது.
அதன் வம்சத்துக்குத்தான்
கெட்டியான ஆதாரம்.

நாகூரான் மட்டும்
மஞ்சள் பை நிறைய ரசீது வைத்திருந்தார்.
இரண்டாவது தெரு, கதவு எண் பதினாலு.
வீட்டு வரி, அரையாண்டுக்கு அரையாண்டு,
ஒன்று விடாமல்.
வீடு போனது எந்தப் புயலில் என்று
அவருக்கும் அவர் பெண்சாதிக்கும் இன்றும் தகராறு.
போனதிலிருந்தும் கட்டுகிறார்.
மண்டல ஆபீஸ் கம்ப்யூட்டரில்
பாக்கி தெரியும், கடல் தெரியாது.
ஏன் பெரியவரே, என்று கேட்டதற்கு,
நிறுத்திட்டா அது என்துன்னு
யாருக்கும்மா தெரியும்?

இடம் பார்க்க ஆர்.ஐ. வந்தார்.
வீடு எங்கே என்றார்.
வாங்க சார்.
கொட்டிவைத்த கருங்கல்மேல்
நாகூரான் முன்னால், ஃபைல் பின்னால்.
தோ, இங்கேருந்து நாப்பதடி.
அடுப்பு கொஞ்சம் சோத்தாங்கைப் பக்கம்.
நண்டு பிடிக்கிற பையன்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.
ஓர் அலை வந்து ஆர்.ஐ.யின் ஷூவை நனைத்தது.
வாசல்வரைக்கும் வந்துட்டீங்க, என்றார் நாகூரான்.

என்ன எழுதினாரென்று
ஒரு வாரம் யாருக்கும் தெரியாது.
ஃபைல் நகலெடுக்க என்னிடம்தான் வந்தது.
நீல மையில் இரண்டே வார்த்தை:
இடம் பார்வையிடப்பட்டது.

பட்டா வரலாம், வராமலும் போகலாம்.
மை திட்டிய நகல்களை
நான் கசக்கிப் போடுவதில்லை.
மெஷினுக்குக் கீழே, செங்கல் வைத்து உயர்த்தி,
அடுக்கியிருக்கிறேன்.
ஐப்பசி மழைக்கு முதல் படி நனையும்.

நாகூரான் நேற்று வந்தார்.
அந்தப் பக்கத்தில் ஐந்து காப்பி கேட்டார்.
எடுத்துக் கொடுத்ததும்
ஒன்றைத் திருப்பி நீட்டினார்.
இத மட்டும் லேமினேசன் போட்ருமா.
தண்ணி பட்ரக் கூடாது.